கல்லில் தேய்த்த ஓரங்கள்

உயிரோடு இருந்த ஒரு பெண்ணை இறந்துவிட்டதாக நான் எழுதினேன். ஆங்கிலத்தில், நல்ல தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, வெளிநாட்டுத் தபால் தலைகளை ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமோ மனத்தாங்கலோ கிடையாது. அன்று மாலையே அவருடைய கடைக்குப் போய் அவர் வாங்கிவரச் சொன்ன டீயைக் குடித்தேன். "என்னுங்க சார், முகம் வாடியிருக்குது?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

இதை இப்போது எழுதுவதால் எதுவும் சரியாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோவையில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் கற்பித்தேன். எங்கள் ஆய்வகத்தில் உடைகிற பியூரெட், பிப்பெட், குளிர்விப்பான் போன்ற கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் கணபதியில் ஒரு கடைக்குப் போகும். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒற்றை ஷட்டர் போட்ட கடை. அதன் சொந்தக்காரர் கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி, வெல்லப்பாகு போல இளக வைத்து ஒட்டிக் கொடுப்பார். பல வருடம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிவிட்டது. பிறகு பர்னர் முன்னால் அவருடைய மனைவி உட்கார்ந்தார். கணவர் ஸ்டூலைப் போட்டு வாசலில் அமர்ந்து, வருகிறவர்களிடம் பேசும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த வேலைதான் தனக்கு ஏற்றது என்பது அவருடைய அபிப்பிராயம்.

அந்த அம்மாள் பல்லடத்துப் பக்கம் தறிக்குடும்பத்தில் பிறந்தவர். அறுந்த இழையைப் பார்க்காமலே முடிந்துவிடும் விரல்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் நான் போனபோது, அவருடைய மேசையில், மாலையில் கோக்கிற மாதிரி ஒரு கண்ணாடி மணி கிடந்தது. சாம்பல் நிறத்தில், பழுப்புக் கோடுகள் ஓடி, அப்படியே ஆமணக்கு விதை. எங்கள் பக்கம் அதைக் கொட்டமுத்து என்போம்.

"இது என்னங்க அம்மிணி?"

"சும்மாங்க சார். கொட்டமுத்தாட்டம் வருதான்னு பாத்தனுங்க."

"டெஸ்ட் ட்யூப் ஒட்டச் சொன்னா இவ கொட்டமுத்து வறுத்துட்டு இருக்கறா" என்றார் வாசலிலிருந்து கணவர்.

ஆய்வகக் கண்ணாடிக் குச்சிகளில் மிஞ்சிய துண்டுகளும், வளையல் கடையில் கழித்துப்போட்ட உடைசல்களும்தான் அவருடைய சரக்கு. மெல்லிய இரும்புக் கம்பியில் நாமக்கட்டியைக் குழைத்துப் பூசிக் காயவைப்பார். கம்பியை ஒரு கையால் உருட்டிக்கொண்டே, மறு கையில் பிடித்த கண்ணாடியைச் சுடரில் இளக்கி அதன்மேல் சுற்றுவார். ஆறியதும் நாமக்கட்டி உதிரும், மணி கழன்றுவரும், கம்பி இருந்த இடம் துளையாகும். கழற்றுவதற்கு முன், சூடு தணியாத மணியைக் கம்பியோடு சாம்பல் டப்பாவில் புதைத்து மெதுவாக ஆறவைப்பார். இவை எதையும் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நாமக்கட்டிக்கு வருவதற்கு முன் சுண்ணாம்பு, சலித்த செம்மண், அரிசிமாவு என்று எல்லாவற்றையும் பூசிப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நிறக் கண்ணாடி ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டையும் ஒட்டி, நூல் போல நீளமாக இழுத்து ஆறவிடுவார். நூல் நேராக நின்றால் சரி. வளைந்தால், அந்த இரண்டையும் சேர்த்துச் செய்த மணி இன்றில்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் விரிசல் விட்டுவிடும். நான் பாடப்புத்தகத்தில் வெப்ப விரிவுக் கெழு என்று சொல்லித்தந்த விஷயம் அது. அவர் அதற்கு 'ஜாதகம் பாக்கறது' என்று பெயர் வைத்திருந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் இப்படி இழுத்துப் பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பனுங்க சார்" என்பார் கணவர்.

"இழுத்த இழுப்புக்கு வளையாம நின்னது நான் ஒருத்திதானுங்க" என்பார் அவர், சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே ஒரு குறை அவருக்கு இருந்தது. மணியின் இரண்டு முனையிலும், துளையைச் சுற்றியுள்ள ஓரம், பல் போலக் கூராக நின்றது. கோத்தால் நூலை அறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு மணியையும் அம்மிக்கல் துண்டில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். தேய்த்த இடம் மினுமினுப்பு போய் வெளுத்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார்.

ஒருமுறை என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், இந்த வேலை செய்யற இன்னொருத்தர் ஒலகத்துல இருப்பாங்களாங்க?"

"இருப்பாங்க அம்மிணி."

"அவங்களை ஒருக்காப் பாக்கோணுங்க. ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஓரத்தை எப்படிங்க மழுக்கறீங்கன்னு."

அப்போது அதற்கான விடை என் தோல்பையில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணி சேர்ப்பது எனக்கு இளவயதுப் பழக்கம். வெளிநாட்டில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர், அங்கே மணி சேர்ப்பவர்கள் நடத்திய ஓர் இதழை எனக்கு அனுப்பத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் அங்கே ஓர் அலை கிளம்பியிருந்தது. பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலர் கார் நிறுத்தும் கொட்டகையில் சின்ன பர்னரை மேசையில் பொருத்தி மணி செய்யப் பழகினார்கள். செய்பவர்களைச் சுற்றிச் சேர்ப்பவர்கள் பெருகினார்கள். ஊருக்கு ஊர் சங்கம், வருடத்துக்கு ஒரு கூட்டம், பயிற்சி வகுப்பு, தபால் மூலம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நான் நான்கு கொட்டமுத்து மணிகளை அனுப்பினேன். பதிலுக்கு நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த மணிகள் பஞ்சில் பொதிந்து வந்தன. இதைச் செய்தவர் யார் என்று கேட்டு ஏழெட்டுக் கடிதங்களும் வந்தன.

நான் கட்டுரை எழுதினேன். கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே, ஆய்வக மிச்சத்தை வைத்து ஒரு பெண் தானாகக் கற்றுக்கொண்டார் என்று எழுதியிருக்கலாம். அதுவே போதுமான அதிசயம். ஆனால் நான், நொய்யல் கரையில் தலைமுறை தலைமுறையாக மணி செய்துவந்த குடும்பத்தின் கடைசிக் கண்ணி என்று எழுதினேன். வெளியாட்களைக் கண்டால் கூசுபவர், என்னிடம் மட்டும் பேசுவார் என்றும் சேர்த்தேன். கல்லில் தேய்த்து வெளுத்த ஓரம்தான் அந்தக் குடும்பத்தின் முத்திரை, அதைக் கொண்டே அசலை அறியலாம் என்று விளக்கினேன். கட்டுரையைக் கொண்டாடினார்கள். மணிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் உருவானது. யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவனாக நான் ஆனேன். கல்லூரியில் துறைத்தலைவர் பதவிகூடக் கிடைக்காத எனக்கு அந்த மரியாதை இனித்தது.

அம்மாளிடம் நான் ஏமாற்றி வாங்கியதில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். எத்தனை பேர், எப்படிக் கொண்டாடுகிறார்கள், அவர்களில் பாதிப்பேர் அவரைப் போலவே பர்னர் முன் உட்காருகிறவர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று என் பையில் இருந்த இதழில், ஓரத்தைக் கூரில்லாமல் உள்பக்கமாகக் குழிந்து சுருள வைப்பது எப்படி என்று இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். கம்பியில் முதலில் சுற்றும் பட்டையின் அகலத்துக்குத் தக்க அளவு கண்ணாடி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் அதைத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் ஓரம் மாறிவிடும். ஓரம் மாறினால் என் கட்டுரை என்ன ஆவது? பையை மூடியே வைத்திருந்தேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. சங்கத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தானும் மணி செய்கிறவர். நீலகிரிக்குப் போகும் வழியில் கோவையில் ஒருநாள் தங்கப்போவதாகவும், கொட்டமுத்து மணி செய்பவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மொழி தேவையில்லை, கைகளைப் பார்த்தால் போதும் என்றிருந்தார். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவரை அழைக்கவும் சங்கம் விரும்புவதாகக் கடைசி வரி.

அவர் கணபதிக்கு வந்தால் நொய்யல் கரையும் இல்லை, தலைமுறையும் இல்லை. கூச்சப்படும் பெண்ணும் இல்லை. வந்தவுடன் டீ சொல்லிவிட்டு ஆயிரம் கேள்வி கேட்கும் பெண்தான் இருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கலாம். ஆனால் அது அந்த வருடத்துக்கு மட்டும்தான் காப்பாற்றும். அதனால் குறுகிய கால நோயில் காலமானார் என்று எழுதினேன்.

அடுத்த இதழில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டார்கள். கீழே என் பெயர்.

அந்த ஆசிரியை பயணத்தை ரத்து செய்யவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உங்களையாவது பார்க்கிறேன் என்று வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்து மடித்துப் பேசினார். இரண்டு வருடமாகக் கொட்டமுத்தைப் போலச் செய்ய முயன்றும் தனக்கு வரவில்லை என்றார். பிறகு அழுதார். அந்த நேரத்தில் கடையில் பர்னர் எரிந்துகொண்டிருந்திருக்கும். ஸ்கூட்டரில் பத்து நிமிடத் தூரம். பஞ்சில் சுற்றிய மணி ஒன்றை என்னிடம் கொடுத்து, அவரைப் புதைத்த இடத்தில் வைக்கச் சொன்னார். வைக்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே என் மனைவி கேட்டார்: "ஏனுங்க, அந்தம்மா எதுக்கு அப்படி அழுதுது? யாரு தவறிட்டாங்க?"

"அவங்களுக்கு வேண்டியவங்க யாரோ."

"பாவம். இத்தனை தூரம் வந்தா அழுவோணும்" என்றார் மனைவி.

மணியை அலமாரியில் வைத்தேன். கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. "உங்க வெளிநாட்டுச் சிநேகிதங்க யாரும் இந்தப் பக்கம் வரலீங்களா?" என்று அம்மாள் அவ்வப்போது கேட்பார். இல்லை என்பேன். இப்படி இரண்டு ஆண்டுகள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் ஓர் இதழ் வந்தது. அதில் ஒரு பயிற்சி வகுப்பின் படம். நீள மேசையில் பன்னிரண்டு பேர் வரிசையாக அமர்ந்து, மறைந்த கலைஞரின் நினைவாகக் கொட்டமுத்து மணி செய்கிறார்கள். படத்தின் கீழ் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். அவருக்கு மரியாதையாக, ஓரங்களை வேண்டுமென்றே கூராக விட்டு, கல்லில் தேய்த்து வெளுக்க வைக்கிறார்களாம்.

மறுநாள் காலை அலமாரியிலிருந்த மணியையும் இதழ்களையும் எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். பர்னரை அணைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கணவர்தான் முதலில் பேசினார். "அப்ப இவ செத்து ரண்டு வருசம் ஆச்சுங்களா?"

நான் தலையாட்டினேன். அவருக்கு அது கண்ணில் படாது என்பது நினைவு வந்து, "ஆமாங்க" என்றேன்.

"கருமாதிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் வந்து சாப்புட்டிருப்பமுங்களே" என்றார் அம்மாள். சிரிப்பது போலத்தான் சொன்னார். ஆனால் கையிலிருந்த கம்பியை வைக்க இடம் தெரியாமல் இரண்டு முறை மேசையைத் தடவினார்.

"உசுரோட இருக்கறவங்களைச் செத்துட்டதாச் சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. போ, உனக்கு நூறு" என்றார் கணவர்.

இதழ்களை அவர் புரட்டவில்லை. பஞ்சைப் பிரித்து மணியை எடுத்தார். கணவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். முனையை நகத்தால் தொட்டார். திருப்பி மறுமுனையைத் தொட்டார்.

"ஓரம் உள்ள சுருண்டிருக்குதுங்க" என்றார். பிறகு, "இந்தக் கோடு ஓடற பக்கத்தைப் பாருங்க. இடது கைக்காரிங்க இவங்க" என்றார்.

அந்த ஆசிரியை என் வீட்டில் இடது கையால்தான் காபி டம்ளரைப் பிடித்திருந்தார். நான் அதைச் சொன்னேன்.

"அவங்களாச்சும் இருக்கறாங்களா, இல்ல அவங்களையும் முடிச்சுப்போட்டீங்களா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு அம்மாள் என்னைப் பார்த்தார். "நான் இருக்கறேன்னு எழுதிப்போடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாங்க."

எழுதினேன். சங்கத்துக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று. நொய்யல் கரைக் கதை உட்பட எதையும் மறைக்கவில்லை. அம்மாள் பர்னர் முன் அமர்ந்திருக்கும் புகைப்படத்தையும் வைத்தேன். ஆசிரியையிடமிருந்து பதில் இல்லை. சங்கத்தின் செயலாளர் எழுதினார். மறைந்தவருடைய மணிகளுக்குத் தேவை கூடியிருப்பதால் போலிகள் வரத் தொடங்கியுள்ளன, ஒரு பெண்ணின் படம் எதையும் நிரூபிக்காது, விரும்பினால் புதிய மணிகளை அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்றிருந்தது.

அம்மாளிடம் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஆறு மணிகள் தந்தார். நான் அவரிடம் பார்த்தவற்றிலேயே சிறந்தவை அவைதான். பழுப்புக் கோடுகள் இன்னும் மெலிதாகியிருந்தன. முனைகள் பளபளவென்று உள்பக்கமாகக் குழிந்திருந்தன. ஆசிரியை தந்த அந்த ஒரு மணியைப் பார்த்தே வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த ஓரத்தைப் பார்த்தால் சங்கத்தார் ஏற்க மாட்டார்கள் என்று கையில் வாங்கியபோதே தெரிந்தது. "அம்மிணி, ஓரத்தை மட்டும் பழைய மாதிரியே செஞ்சு, கல்லுல தேய்ச்சுத் தர முடியுங்களா? அவங்க அதைத்தான் பார்ப்பாங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சதுக்கு அப்புறமேலுக்குத் தெரியாத மாதிரி எப்படிங்க செய்யறது?"

"ஒரு ஆறே ஆறு..."

"வேண்டாங்க சார். இதையே அனுப்புங்க. பாக்கறவங்களுக்குத் தெரியாதுங்களா?"

அனுப்பினேன். கூடவே, தேய்த்த ஓரம் முத்திரை அல்ல, அவர் வெறுத்த குறை, அதை முத்திரை என்றது என் பொய் என்று நான்கு பக்கம் எழுதினேன். ஒன்றரை மாதத்தில் மணிகள் திரும்பி வந்தன. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மணிகள் அருமையானவை, செய்தவர் திறமைசாலி, ஆனால் இது அந்தக் கை அல்ல. மேலும், நீங்கள் அன்று பொய் சொன்னீர்கள் அல்லது இன்று சொல்கிறீர்கள். இரண்டில் எதுவானாலும் உங்கள் சொல்லை இனி நாங்கள் ஏற்பதற்கில்லை. சங்கத்திலிருந்து என் பெயரை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அதில் தப்பேதும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. நானே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆசிரியைக்கு மேலும் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவது உறை பிரிக்கப்படாமல் திரும்பியது.

அதையும் அம்மாளிடம் மறைக்கவில்லை. உறையை மேசையில் வைத்தேன். அவர் கல்லூரிக் குளிர்விப்பான் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். சுடரைத் தணித்து, உறையைப் பார்த்தார், தொடவில்லை.

"சரி உடுங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்றார்.

"வேற யாருக்காவது எழுதிப் பார்க்கட்டுங்களா?"

"யாருக்குங்க எழுதுவீங்க?"

உறையை எடுத்துப் பையில் வைத்தேன்.

ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, எனக்கு ஒரு கொட்டமுத்து மணி வேண்டும், புது ஓரத்தோடு, அலமாரியில் வைக்க அல்ல, என் மனைவிக்குக் கழுத்தில் போட, என்று கேட்டேன்.

"கையில சரக்கு இல்லீங்களே சார்" என்றார், எப்போதும் போல அதே மரியாதையோடு. அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் சாம்பல் டப்பா இருந்தது. உள்ளே ஆறிக்கொண்டிருந்த மணிகளின் கம்பிகள் சாம்பலுக்கு மேலே வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சரிங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.